பூண்டைக் கொடுத்தவர் போதையையும் கொடுத்தாரா?

கேள்வி: "விதைதரும் சகலவிதப் பூண்டுகளையும் உங்களுக்குக் கொடுத்தேன் என்று ஆதியாகமம் 1:29இல் ஆண்டவரே சொல்கிறார். அப்படியிருக்கக் கஞ்சாச் செடி மட்டும் எப்படிப் பாவமாகும் என்று நண்பன் கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை. எங்கள் போதகரைக் கேட்டால் அவர் மறுகோடியில் நிற்கிறார். மூலிகைக் கஷாயமே சூனியத்தோடு சேர்ந்ததாம், கலாத்தியர் 5இல் இருக்கிறதாம். யார் சொல்வது சரி?"

பிப்ரவரி 17, இரவு

நண்பனை அந்த வசனத்தைக் கடைசிவரை வாசிக்கச் சொல்லுங்கள். "அவைகள் உங்களுக்கு ஆகாரமாயிருப்பதாக" என்று முடிகிறது. சாப்பிடக் கொடுத்ததைப் பற்றிய வசனம் அது. சகலவிதப் பூண்டு என்றால் ஊமத்தையும் அதில் வந்துவிடும். ஊமத்தங்காயிலும் விதை இருக்கிறது. அந்த வசனத்தை நம்பி அதை யாரும் வாயில் போடமாட்டார்கள்.

அதோடு அது ஆதாமின் வீழ்ச்சிக்கு முன் சொன்னது. இரண்டு அதிகாரம் தள்ளி அதே பூமி முள்ளும் குருக்கும் முளைப்பிக்கிறது. 2 இராஜாக்கள் 4ஐப் பாருங்கள். கில்காலில் பஞ்சம். எலிசா கூழ் காய்ச்சச் சொல்கிறார். கீரை பறிக்கப் போனவன் பேய்க்கொம்மட்டிக் காயை மடிநிறைய அறுத்துவந்து, இன்னதென்று தெரியாமல் பானையில் அரிந்து போடுகிறான். வாயில் வைத்ததும் "பானையில் சாவு இருக்கிறது" என்று கூப்பாடு. தீர்க்கதரிசியின் வீட்டுப் பானைதான், தேவன் படைத்த கொடிதான், ஆனாலும் சாவு. படைத்தவர் நல்லவர் என்பதால் படைப்பில் உள்ள ஒவ்வொன்றும் என் வயிற்றுக்கு நல்லது என்று ஆகாது.

போதகர் விஷயம். கலாத்தியர் 5:20இல் நம் வேதாகமம் பில்லிசூனியம் என்று போட்டிருக்கும் இடத்தில் கிரேக்கத்தில் இருப்பது பார்மக்கேயா. பார்மஸி என்கிறோமே, அதே வேர். ஆக, போதைப்பொருள் அங்கே நேரடியாகவே கண்டிக்கப்படுகிறது. கஷாயம் விஷயத்தில் போதகர் அளவு மீறிப் போகிறார், போதை விஷயத்தில் அவர் கையில் வசனம் இருக்கிறது.

பிப்ரவரி 18, காலை

கஷாயத்தைப் பற்றி நேற்று ஒரே வரியில் தாண்டிவிட்டேன். அது போதாது. இப்படிப் பிரசங்கம் கேட்டு மருந்தை நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள்.

எசேக்கியா சாகக்கிடந்தபோது ஏசாயா ஜெபித்ததோடு நிற்கவில்லை. அத்திப்பழ அடையைப் பிளவையின்மேல் பற்றுப்போடச் சொன்னார். பதினைந்து வருஷ ஆயுசைக் கூட்டித் தருகிறேன் என்று தேவன் வாக்குக் கொடுத்த பிறகும் பற்று தேவைப்பட்டது. "கீலேயாத்திலே பிசின் தைலம் இல்லையோ" என்று எரேமியா கேட்கிறார். நல்ல சமாரியன் காயத்தில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்தான். தீமோத்தேயுவின் வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள்ளச் சொன்னவர் பவுல். அந்தப் பவுலின் கைக்குட்டை பட்டே வியாதிகள் நீங்கியது அப்போஸ்தலர் 19இல் இருக்கிறது. ஆனாலும் தீமோத்தேயுவுக்குக் கைக்குட்டை அனுப்பவில்லை.

கத்தோலிக்க வேதாகமம் வைத்திருப்பவர்கள் சீராக்கின் ஞானம் 38ஐ எடுத்துப் பாருங்கள். ஆண்டவர் நிலத்திலிருந்து மருந்துகளைப் படைத்தார், அறிவுள்ளவன் அவற்றை ஒதுக்கமாட்டான் என்கிறது. மருத்துவனையும் மதிக்கச் சொல்கிறது. நம்முடையதில் அந்த நூல் இல்லை. அதனால் கருத்து பொய்யாகிவிடாது.

எதிர்ப்பக்கத்தில் எப்போதும் காட்டுகிற வசனம் ஆசா ராஜாவுடையது, 2 நாளாகமம் 16. "அவன் தன் வியாதியிலும் கர்த்தரை அல்ல, பரிகாரிகளையே தேடினான்." குற்றம் பரிகாரியைத் தேடியதா, கர்த்தரைத் தேடாததா? அந்த அதிகாரத்தை முதலிலிருந்து வாசித்தால் தெரிந்துவிடும். கர்த்தரை விட்டுச் சீரிய ராஜாவின்மேல் சாய்ந்துகொண்டதற்காக அவனை ஞானதிருஷ்டிக்காரன் கண்டிக்கிறான். அதே குணம் வியாதியிலும் தொடர்கிறது.

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1747இல் ஏழைகளுக்கென்றே ஒரு கைவைத்தியப் புத்தகம் போட்டார். அதிலுள்ள சில வைத்தியங்களை இன்று யாரும் செய்யக்கூடாது. ஆனால் ஊழியக்காரன் மருந்து சொன்னால் விசுவாசம் குறைந்துவிடும் என்று அவர் நினைக்கவில்லை. சுவிட்சர்லாந்தில் புனித கால் (St. Gall) என்பவர் பேரிலுள்ள மடத்தில் 9ஆம் நூற்றாண்டு வரைபடம் ஒன்று இன்றும் இருக்கிறது. நோயாளிகள் அறைக்குப் பக்கத்திலேயே 16 பாத்திகளோடு மூலிகைத் தோட்டம் வரைந்திருக்கிறார்கள். ஒவ்வொரு பாத்தியிலும் செடியின் பெயர் எழுதியிருக்கிறது.

பிப்ரவரி 19

திருத்தம். கிரேக்கம் தெரிந்த ஒரு சகோதரர் பார்மக்கேயா விஷயத்தில் என்னைப் பிடித்துவிட்டார். அவர் சொல்வது சரி.

அந்தச் சொல்லுக்கு மருந்து கொடுத்தல், விஷம் வைத்தல், மந்திரம் செய்தல் என்று மூன்று பக்கமும் பொருள் உண்டு. எந்தப் பொருள் என்பதை இடம்தான் சொல்லும். பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பில், மோசேக்கு எதிராக எகிப்தின் மந்திரவாதிகள் செய்த வித்தைக்கு யாத்திராகமம் 7இல் இந்தச் சொல்தான் வருகிறது. கோலைச் சர்ப்பமாக்கினவர்கள் அவர்கள். கலாத்தியரிலும் இது விக்கிரகாராதனைக்கு அடுத்த சொல்லாக நிற்கிறது. ஆகவே பில்லிசூனியம் என்று போட்ட நம் மொழிபெயர்ப்பாளர்கள் சரியாகவே போட்டிருக்கிறார்கள். பார்மஸி என்ற சொல்லைக் காட்டி நான் அதிலிருந்து போதைப்பொருளைப் பிழிந்தெடுத்தது தவறு. அதே சொல்லிலிருந்து போதகர் கஷாயத்தைப் பிழிந்தெடுக்கிறார். நானும் அவரும் செய்தது ஒரே காரியம்தான்.

பிழியவேண்டிய அவசியமும் இல்லை. அடுத்த வசனத்திலேயே "வெறிகள், களியாட்டுகள்" என்று பச்சையாக இருக்கிறது. போதை வேண்டாம் என்பதற்கு ஆதாரம் தேடுகிறவர்கள் அங்கே போகலாம், எபேசியர் 5:18க்குப் போகலாம்.

பிப்ரவரி 19, இரவு

ஒரு விஷயம் தோன்றியது. கிரேக்கச் சொல்லில் மருந்தும் சூனியமும் எப்படி ஒட்டிக்கொண்டன என்று ஒருவர் ஆச்சரியப்பட்டிருந்தார். நம் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். "மருந்து கொடுத்தாள்" என்றால் வைத்தியம். "மருந்து வைத்துவிட்டாள்" என்றால்? இடுமருந்து, வசிய மருந்து. பூச்சிக்கு அடிக்கிறதும் மருந்து, வெடிக்கிறதும் மருந்து. நாளைக்கு யாராவது தமிழ் அகராதியைப் பிரித்து, மருந்து என்றால் வசியம் என்றும் பொருள், ஆகவே இருமல் மருந்து குடிக்காதே என்றால் ஒத்துக்கொள்வோமா?

பிப்ரவரி 23

மூன்று பேர் ஒரே காணொளியைப் பார்த்துவிட்டு ஒரே கேள்வியோடு வந்திருக்கிறார்கள். அபிஷேகத் தைலத்தில் கஞ்சா இருந்ததா?

யாத்திராகமம் 30:23. வெள்ளைப்போளம் ஐந்நூறு சேக்கல், சுகந்த கருவாப்பட்டை இருநூற்று ஐம்பது, சுகந்த வசம்பு இருநூற்று ஐம்பது. வசம்பு என்று நாம் வாசிக்கிற இடத்தில் எபிரெயத்தில் கானே போசெம். வாசனையுள்ள நாணல் என்று பொருள். 1936இல் சூலா பெனெட் என்ற போலந்து மானிடவியலாளர் இது கஞ்சாதான், சொல்லின் ஒலியே ஒத்துப்போகிறது என்று எழுதினார். பெரும்பாலான எபிரெய அறிஞர்கள் ஏற்கவில்லை. கானே என்றால் எபிரெயத்தில் சாதாரணமாக நாணல்தான். வேதாகமத்தில் வேறு பல இடங்களிலும் அந்தப் பொருளில் வருகிறது.

நிஜமாகவே கனமான ஆதாரம் வேறொன்று உண்டு, அதை மறைப்பது நேர்மையில்லை. நெகேவ் பாலைவனத்தில் தெல் ஆராத் என்ற இடத்தில் யூதா ராஜ்யத்துக் கோட்டை ஒன்றுக்குள் சிறிய ஆலயம் இருந்தது, கி.மு. 8ஆம் நூற்றாண்டுக்கு உரியது. அதன் இரண்டு பலிபீடங்களில் ஒட்டியிருந்த கரியை ஆராய்ந்து 2020இல் முடிவை வெளியிட்டார்கள். பெரியதில் குந்திரிக்கம், கொழுப்போடு கலந்து எரித்தது. சின்னதில் கஞ்சா, சாணத்தோடு கலந்து எரித்தது. ஆக, யூதாவில் ஒரு பலிபீடத்தில் கஞ்சா புகைந்தது உண்மை. எருசலேம் ஆலயத்தில் அப்படி நடந்தது என்பதற்கு அது சாட்சி ஆகாது. மேடைகளிலும் மரத்தடிகளிலும் ஜனங்கள் என்னென்னவோ செய்தார்கள் என்று தீர்க்கதரிசிகள் அழுததைத்தானே பக்கம் பக்கமாக வாசிக்கிறோம்.

ஒரு பேச்சுக்கு, தைலத்தில் கஞ்சாவே இருந்தது என்று வைத்துக்கொள்வோம். அதே அதிகாரம் 32, 33ஐ வாசியுங்கள். அந்தத் தைலத்தை மனுஷ சரீரத்தின்மேல் வார்க்கக்கூடாது, அதைப்போல இன்னொன்று செய்யக்கூடாது, செய்கிறவன் ஜனத்தில் இராமல் அறுப்புண்டுபோவான். எடுத்துக்காட்டுகிறவர்களுக்கே இந்த வசனம் எதிராகத் திரும்புகிறது. லேவியராகமம் 10இல் நாதாபும் அபியூவும் அந்நிய அக்கினியால் செத்த உடனே வருகிற கட்டளை, ஆசரிப்புக் கூடாரத்துக்குள் வரும்போது திராட்சரசமும் மதுவும் குடிக்காதே என்பது. காரணமும் சொல்லியிருக்கிறது. பரிசுத்தமுள்ளதற்கும் பரிசுத்தமில்லாததற்கும் வித்தியாசம் தெரியவேண்டும்.

பிப்ரவரி 24

தூதாயீம் கனியைப் பற்றிக் கேட்ட சகோதரிக்கு: ஆம், அது மாண்டிரேக் என்றே பெரும்பாலோர் சொல்கிறார்கள். ஸ்கோபொலமின், ஹயோசியமின் உள்ள செடி. அளவு கூடினால் பிதற்றல், இன்னும் கூடினால் மரணம். பிள்ளை உண்டாக உதவும் என்று அந்தக் காலத்து நம்பிக்கை. ஆதியாகமம் 30இல் எனக்கு மிகவும் பிடித்தது, கதை அதைச் சொல்கிற விதம். கனியை வாங்கிக்கொண்ட ராகேல் கருத்தரிக்கவில்லை. கனியைக் கொடுத்துவிட்ட லேயாள் கருத்தரிக்கிறாள், அதுவும் இரண்டு முறை. ராகேலைப் பற்றி, தேவன் அவளை நினைத்தருளினார் என்று பிறகுதான் வருகிறது. வேதம் அந்தச் செடியைத் திட்டவும் இல்லை, அதற்கு மகிமை கொடுக்கவும் இல்லை.

மார்ச் 1

இவ்வளவு நாள் வசனத்திலேயே ஓட்டிவிட்டேன். என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்லவேண்டியிருக்கிறது.

வேலை போன வருஷம் எனக்குத் தூக்கம் போயிற்று. மருத்துவர் அல்பிரசோலம் எழுதிக்கொடுத்தார். ஒரு மாதத்துக்கு என்று ஆரம்பித்தது பதினான்கு மாதம் ஓடியது. ஒன்று இரண்டாகி, இரண்டு மூன்றாயிற்று. ஒரு கூட்டத்தில் ஊழியக்காரர் ஒருவர், விசுவாசத்தோடு மாத்திரையைத் தூக்கிப் போடுங்கள் என்று அழைத்தார். "நான் ஒன்றிற்கும் அடிமைப்படமாட்டேன்" என்ற 1 கொரிந்தியர் 6:12ஐ வாசித்தார். அது எனக்கென்றே வாசித்ததுபோல் இருந்தது. வீட்டுக்கு வந்து அட்டையைப் பிரித்து ஒவ்வொன்றாகக் கழிப்பறையில் போட்டேன். பதினேழு மாத்திரை. எண்ணினேன்.

மூன்றாம் நாள் தம்ளரைப் பிடிக்க முடியவில்லை. தண்ணீர் விளிம்பில் தளும்பி மணிக்கட்டில் வழிந்தது. மின்விசிறியின் சத்தமே காதுக்குள் ஆணி அடிப்பதுபோல் கேட்டது. நான்காம் நாள் காலை வலிப்பு வந்து விழுந்தேன். கண் விழித்தபோது மருத்துவமனை. அந்த மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரும் என்பது மருத்துவ மாணவனுக்கும் தெரிந்த விஷயம் என்று அங்கேதான் கேள்விப்பட்டேன். மறுபடி ஆரம்பித்து, கால் மாத்திரை கால் மாத்திரையாகக் குறைத்து வெளியே வர ஐந்து மாதம் ஆயிற்று.

இதை வாசிக்கிற யாராவது இப்போது அப்படி ஒரு மாத்திரையில் இருந்தால், யார் சொன்னாலும் ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். எழுதிக்கொடுத்த மருத்துவரிடமே போய்க் குறைக்கக் கேளுங்கள். ஜெபத்தை அந்த ஐந்து மாதத்துக்கும் சேர்த்து வைத்துக்கொள்ளலாம். எனக்கு அப்போதுதான் ஜெபம் அதிகம் தேவைப்பட்டது.

மார்ச் 2

நேற்று எழுதியதற்கு மேல் ஒன்று. அந்த வசனம் என்னைக் குற்றப்படுத்துகிறது என்றே பல வருஷம் நினைத்தேன். இப்போது அவ்வளவு நிச்சயமில்லை. உடம்பு ஒரு மருந்துக்குப் பழகிப்போவது வேறு, மனசு அதைத் தேடி அலைவது வேறு. இரண்டும் என்னிடம் இருந்தன. முதலாவது பாவமில்லை, நரம்பின் இயல்பு. இரண்டாவதை நான் அறிவேன். அட்டையில் இன்னும் எத்தனை இருக்கிறது என்று இரவு எழுந்துபோய்த் தடவிப் பார்த்ததை நான் அறிவேன். பவுல் பேசுவது அந்த இரண்டாவதைப் பற்றி என்று நினைக்கிறேன்.

மார்ச் 2, மாலை

காப்பி பாவமா? சில சபைகள் விலக்குகின்றன, ஏழாம் நாள் அட்வென்டிஸ்டுகள் உட்பட. அவரவர் மனச்சாட்சி, ரோமர் 14. எனக்குக் காப்பி இல்லாவிட்டால் தலைவலி வரும், பிள்ளைகள்மேல் எரிந்து விழுவேன். ஆகவே வருஷத்துக்கு ஒருமுறை நாற்பது நாள் விட்டுப் பார்க்கிறேன். அதற்குமேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

மார்ச் 4

மூலிகைதானே, பக்கவிளைவு இல்லை என்று ஒருவர் எழுதியிருப்பதை அப்படியே விட மனமில்லை. யோவான் ஸ்நானகன் பேரால் வழங்கும் ஒரு மஞ்சள் பூச்செடி (St. John's Wort) உண்டு. ஜூன் 24, அவர் பிறந்த திருநாளையொட்டிப் பூப்பதால் ஐரோப்பியர் அந்தப் பெயரை வைத்தார்கள். மிதமான மனச்சோர்வுக்கு அது உதவுகிறது என்று ஆய்வுகள் இருக்கின்றன. அதே செடி ஈரலின் வேலையை முடுக்கிவிட்டு மற்ற மருந்துகளைச் சீக்கிரம் கழித்துவிடும். இரத்தம் உறையாமலிருக்க எடுக்கும் வார்பரின், மாற்றுச் சிறுநீரகம் வைத்தவர்கள் எடுக்கும் சைக்ளோஸ்போரின், கருத்தடை மாத்திரை எல்லாம் பலமிழந்துபோகும். மனச்சோர்வு மாத்திரையோடு சேர்த்து எடுத்தால் வேறு விதமான ஆபத்து. புனிதர் பேர் இருந்தாலும் மருத்துவரிடம் சொல்லிவிட்டே எடுக்கவேண்டும்.

வசம்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதில் ஆசரோன் என்ற பொருள் இருப்பதால் அமெரிக்காவில் 1968 முதல் உணவில் சேர்க்கத் தடை. அபிஷேகத் தைலத்தில் இருந்த சரக்கு என்பதால் விழுங்கலாம் என்று ஆகிவிடாது. தைலம் பூசத்தான்.

மார்ச் 8

"போதைக் காளான் சாப்பிட்ட இரவில் தேவனைப் பார்த்தேன். இருபது வருஷம் சபையில் காணாததை அன்று கண்டேன். அது பொய்யா?" தைரியமாக எழுதிய தம்பியை இங்கே சிலர் பிசாசு பிடித்தவன்போல் பேசிவிட்டார்கள். வருத்தமாக இருக்கிறது. அவர் கேட்பது நிஜமான கேள்வி.

1962, பெரிய வெள்ளி. பாஸ்டன் பல்கலைக்கழகத்து மார்ஷ் சிற்றாலயத்தில் வால்ட்டர் பாங்கே என்பவர் இறையியல் மாணவர்கள் இருபது பேரை வைத்துச் சோதனை நடத்தினார். பத்துப் பேருக்குக் காளானில் உள்ள சைலோசைபின். மீதிப் பத்துப் பேருக்கு உடம்பு சூடாகச் சிவக்கவைக்கும் நிக்கோட்டினிக் அமிலம், அவ்வளவுதான். மேலே ஹோவார்ட் தர்மன் என்ற போதகர் ஆராதனை நடத்த, கீழே ஒலிபெருக்கியில் கேட்டார்கள். காளான் பொருளை வாங்கியவர்களில் பெரும்பாலோர் ஆழ்ந்த தெய்வ அனுபவம் என்றார்கள். ஏறக்குறைய கால் நூற்றாண்டு கழித்து ரிக் டாப்ளின் என்ற ஆய்வாளர் தேடிப்பிடித்துக் கேட்டபோதும் அது தங்கள் வாழ்க்கையில் நிலைத்துவிட்டது என்றே சொன்னார்கள். இதை நான் தள்ளிவிடவில்லை.

ஆனால் டாப்ளின் இன்னொன்றையும் கண்டுபிடித்தார். அன்று ஒரு மாணவன் கட்டுக்கடங்காமல் போய், அவனை அடக்க ஊசி போடவேண்டியதாயிற்று. பாங்கேயின் அறிக்கை அதைச் சொல்லாமல் விட்டுவிட்டது. மற்றவர்களின் பரவசத்தைவிட அந்த ஒருவன்தான் என் கண்ணில் நிற்கிறான். தொண்ணூற்றொன்பதை விட்டுவிட்டு ஒன்றைத் தேடிப்போன மேய்ப்பனைப் பற்றிப் படித்துவிட்டு, அந்த ஒருவனை அறிக்கையிலிருந்து நீக்குவது எப்படி?

பெயோட்டி என்ற கள்ளியை ஆராதனையில் உண்ணும் அமெரிக்கப் பூர்வகுடிச் சபை 1918இல் ஓக்லஹோமாவில் முறையாகப் பதிவானது. அவர்களில் பலர் இயேசுவை ஆண்டவர் என்று அறிக்கையிடுகிறவர்கள். அதற்கு முந்நூறு வருஷம் முன்னால், 1620இல், மெக்சிகோவின் விசாரணை மன்றம் அதே கள்ளியை மதவிரோதம் என்று தடை செய்தது. தடை செய்தவர்கள் கையில் இரத்தம் இருந்தது, ஆகவே அந்த ஆணையை நான் மேற்கோளாகக் காட்டமாட்டேன். பிரேசிலில் ரைமுண்டோ இரினேயு செர்ரா தொடங்கிய சாந்தோ தாய்மே என்ற சபையும் மனமயக்கம் தரும் கொடிக்கஷாயத்தோடு மரியாளையும் இயேசுவையும் பாடுகிறது. அவர்கள் வழி எனக்கு வேண்டாம், அவர்களைக் கேலி செய்யவும் மாட்டேன். எதையோ இழந்த ஜனங்கள் கண்ணீரோடு பிடித்துக்கொண்டது அது.

தம்பிக்கு என் பதில் இதுதான். பெந்தெகொஸ்தே நாளில் இவர்கள் குடித்திருக்கிறார்கள் என்று பரியாசம் செய்தபோது பேதுரு என்ன சொன்னார்? பொழுது விடிந்து மூன்றாம் மணி வேளைதான் ஆகிறது, இவர்கள் வெறிகொண்டவர்கள் அல்ல என்றார். ஆவியின் நிறைவை வெறியிலிருந்து பிரித்துக் காட்டுவதுதான் சபையின் முதல் பிரசங்கத்தின் முதல் வேலை. நீங்கள் கண்டது பொய் என்று சொல்ல எனக்கு அதிகாரமில்லை. ஆனால் அதை மறுபடி காண அந்தக் காளானே வேண்டும் என்று தோன்றினால், அந்த இடத்தில் நின்று யோசியுங்கள். வீட்டில் யாருக்காவது மனச்சிதைவு நோய் இருந்திருந்தால் யோசிக்கவே வேண்டாம், தொடாதீர்கள்.

நாட்டுச் சட்டம் தடுத்திருந்தால் ரோமர் 13. அதில் விவாதிக்க என்ன இருக்கிறது என்று தெரியவில்லை.

மார்ச் 15

முதல் கேள்விக்குத் திரும்புகிறேன். ஏனென்றால் நான் பிப்ரவரி 17 அன்று எழுதியதைவிட நல்ல பதிலை 4ஆம் நூற்றாண்டிலேயே ஒருவர் கொடுத்திருக்கிறார்.

செசரியாவின் பேராயர் பசிலியார். படைப்பின் ஆறு நாட்களைப் பற்றிய ஐந்தாம் பிரசங்கத்தில் இதே கேள்வியை எடுக்கிறார். தேவன் ஏன் விஷச் செடிகளையும் படைத்தார்? எல்லாம் நம் வயிற்றுக்காகவே இருக்கவேண்டுமா என்று திருப்பிக் கேட்கிறார். பிறகு, மாண்டிரேக்கைக் கொண்டு மருத்துவர்கள் தூக்கம் வருவிக்கிறார்கள், அபினைக் கொண்டு கடும் வலியை அடக்குகிறார்கள் என்று அடுக்குகிறார். அபின்! பிரசங்க பீடத்திலிருந்து, நன்றியோடு! செசரியாவுக்குப் பக்கத்தில் நோயாளிகளுக்கென்று பெரிய விடுதி கட்டியவர் அவர். வலியில் கத்துகிறவர்களைப் பக்கத்தில் நின்று பார்த்த மனுஷன் பேசுகிற பேச்சு இது.

அதே செடிதான். கசகசாச் செடியின் பால்தான் அபின், அதிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரித்தெடுத்ததுதான் மார்பின். அதுவே குடும்பங்களைத் தின்றும் இருக்கிறது. செடியைப் பார்த்து இது நல்லதா கெட்டதா என்று கேட்டால் பதிலே வராது. எடுத்த பிறகு அந்த மனுஷன் தன் ஜனத்தோடும் தேவனோடும் இருக்கிறானா, அவர்களை விட்டுப் போகிறானா என்று பார்க்கவேண்டும்.

ஏப்ரல் 3, பெரிய வெள்ளி

இன்று எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். காலை ஆராதனையில், இயேசுவைச் சிலுவையில் அறைந்ததைச் சொல்லும் அந்த வசனம் வந்தது. வெள்ளைப்போளம் கலந்த திராட்சரசத்தை அவருக்குக் குடிக்கக் கொடுத்தார்கள், அவர் ஏற்றுக்கொள்ளவில்லை.

அம்மாவுக்கு மார்பில் வந்த புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவியிருந்தது. மருத்துவர் மார்பின் எழுதிக்கொடுத்தார். அந்த வாரம் வந்து ஜெபித்த பிரசங்கியார் ஒருவர் இந்த வசனத்தைச் சொல்லி, ஆண்டவரே மயக்கத்தை மறுத்தார், நீங்களும் தெளிந்த புத்தியோடு பாடனுபவியுங்கள் அம்மா என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா அதைப் பிடித்துக்கொண்டார். பதினொரு நாள். படுக்கை விரிப்பின் மூலையைக் கயிறுபோல முறுக்கி முறுக்கி, துணி நைந்து நூல் பிரிந்துவிட்டது. கீழுதட்டில் பல் பதிந்த தடம். வேதத்தை வாசி என்பார், இரண்டு வசனத்துக்குமேல் கேட்க முடியாது, நிறுத்து என்பார். தெளிந்த புத்தி என்று எதைக் காப்பாற்றினாரோ அதை வலி முழுசாக எடுத்துக்கொண்டிருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து அம்மாவின் விசுவாசத்தை நினைத்துப் பெருமைப்பட்டேன். அதை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

சபையில் ஓய்வுபெற்ற நர்ஸ் அக்கா ஒருவர் உண்டு. பன்னிரண்டாம் நாள் வந்தார். அம்மாவின் முறுக்கிய கையைப் பிரித்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு, "அம்மா, அந்தப் பாத்திரத்தை அவர் குடிச்சு முடிச்சிட்டார். நீங்க மறுபடியும் குடிக்கணும்னு அவர் கேக்கல" என்றார். அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு வாயைத் திறந்தார். அக்கா ஊசியில்லாத சிரிஞ்சில் அளந்து கன்னத்தின் உள்பக்கமாக விட்டார். அம்மா முகத்தைச் சுளித்து, "இதுவும் கசப்புதான்" என்றார்.

அந்தப் பிரசங்கியார் சொல்லாமல் விட்டது, அந்த ரசம் எதற்காக இருந்தது என்பது. மரண தண்டனைக்குப் போகிறவனின் உணர்வு மங்கும்படி திராட்சரசத்தில் குந்திரிக்கம் கலந்து கொடுப்பார்கள், எருசலேமின் பெருங்குடிப் பெண்கள் அதைத் தருமமாகச் செய்தார்கள் என்று யூதரின் தல்மூது சொல்கிறது. ஆதாரமாக நீதிமொழிகள் 31:6ஐக் காட்டுகிறது. மடிந்துபோகிறவனுக்கு மதுவைக் கொடுங்கள் என்ற வசனம். ஆண்டவர் மறுத்தது தாம் செய்யவந்த ஒன்றுக்காக. அந்த இரக்கத்தை அவர் கண்டிக்கவில்லை. மற்றவர்கள் வலியில் துடிப்பதைப் பார்த்து, பொறுத்துக்கொள் என்று அவர் யாரிடமும் சொன்னதாக நான்கு சுவிசேஷத்திலும் இல்லை.

கத்தோலிக்கர்கள் இதில் நம்மைவிடத் தெளிவாகப் பேசியிருக்கிறார்கள். 1957இல் மயக்க மருத்துவர்களிடம் பேசிய பாப்பரசர் 12ஆம் பயஸ், வலி தணிக்க மருந்து கொடுக்கலாம், அதனால் ஆயுள் சற்றுக் குறையும் அபாயம் இருந்தாலும் மரணத்தை நாடிக் கொடுக்காதவரை தவறில்லை என்றார். அவர்களுடைய மறைக்கல்வி ஏட்டிலும் அது இருக்கிறது. சிகிச்சைக்கல்லாத போதையைக் கனமான குற்றம் என்று சொல்கிற அதே ஏடு.

ஏப்ரல் 3, இரவு

திருத்தம்: அம்மா சொன்ன கசப்பு மத்தேயுவில் வருவது. கசப்புக் கலந்த காடி, அவர் ருசிபார்த்துவிட்டுக் குடிக்க மனதில்லாதிருந்தார். வெள்ளைப்போளம் மாற்கு. இரண்டையும் ஒன்றாகக் கலந்து எழுதிவிட்டேன். யோவானில் கடைசியில் "தாகமாயிருக்கிறேன்" என்று சொல்லிக் காடியை வாங்கிக்கொள்கிறார். அதையும் அந்தப் பிரசங்கியார் வாசிக்கவில்லை.

அப்புறம் என்ன ஆயிற்று என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். முதல் இரண்டு நாள் தூங்கிக்கொண்டே இருந்தார். பயந்துபோனேன். ஆரம்பத்தில் அப்படித்தான் இருக்கும், உடம்பு பழகினதும் தெளியும் என்று அக்கா சொன்னார். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மருந்து, மலச்சிக்கலுக்குக் கூடவே ஒன்று. நான்காம் நாள் மாலை தலையணையை உயர்த்தச் சொல்லி, வாசி என்றார். 121ஆம் சங்கீதம். மெதுவாக வாசித்தேன். "உன் காலைத் தள்ளாடவொட்டார், உன்னைக் காக்கிறவர் உறங்கார்." அடுத்து "கர்த்தர் உன்னைக் காக்கிறவர்" என்று போய்விட்டேன். அம்மா கண்ணை மூடியபடியே கையை லேசாகத் தூக்கினார்.

"நாலாம் வசனத்தை விட்டுட்டே."

திரும்பிப் போய் அதை வாசித்தேன்.